சக்கரத்தில் வெட்டியிருந்த எழுத்து

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி
14-12-1969, ஞாயிறு

அன்பு மகள் அடைக்கலமேரிக்கு அப்பா தைரியநாதன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. உடம்பைக் கேட்டால் இங்கே நாங்கள் மூன்று பேரும் ஆண்டவர் கிருபையில் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசைக் கேட்டால் எனக்கு மட்டும் கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதைக் கீழே எழுதுகிறேன், நீ பதறாமல் படி. நவம்பர் இருபத்தெட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நாகபுரியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அம்மா அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து விடுதிக்கு வரும்போது காதை மூடித் துணி கட்டாமல் வரக் கூடாது என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அவளுக்கு மழை விட்டதும் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் தம்பி சின்னராஜ் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறான். இந்த வருஷம் மழை குறைவில்லை, கண்மாயெல்லாம் நிறைந்து கிடக்கிறது, நம் வீட்டுப் பின்சுவர் கொஞ்சம் ஊறி உப்பு பூத்திருக்கிறது, கோடையில் பார்க்க வேண்டும். டாக்ஸி எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது, அதனால்தான் இன்லண்டில் எழுதாமல் சின்னராஜ் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் நம் வண்டிக்கு வந்த கேட்டை நான் உனக்கு எழுதவில்லை. டைனமோ செத்துப் போனது. அது போனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. கார்புரேட்டரும் கெட்டுப்போய்ப் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது, முன் சக்கரம் இரண்டிலும் டயர் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மதுரைக்குப் போய் விசாரித்தேன், எழுதி வைத்துவிட்டுப் போங்கள், சாமான் வர மூன்று மாதமோ நாலு மாதமோ ஆகும் என்றார்கள். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் மற்ற டாக்ஸிகள் தீபாவளிச் சவாரியை ஏற்றிக்கொண்டு போக நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பூமிநாதன் வந்தான். உன் பூமி மாமாவை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பதினைந்து வருஷமாக நம் வண்டியில் அவனைத் தவிர வேறு மெக்கானிக் கை பட்டதில்லை, நீ நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்ட அன்று வண்டி கிளம்பாமல் நின்றபோது சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பட்டறையிலிருந்து ஓடி வந்தவன். அவன் என்னிடம், “அண்ணே, ஒரு வண்டிச் சாமான் வந்திருக்கு, டைனமோ, கார்புரேட்டர், டயரோட ரெண்டு சக்கரம், எல்லாம் அம்பாசிடர்தான், நம்ம வண்டிக்குப் பொருந்தும், ஒரு பெரிய வீட்டுல பாகம் பிரிச்சப்ப வந்தது, மாட்டிருவமா” என்று கேட்டான். இந்த ஊரில் பாகம் பிரித்த வீட்டுச் சாமான் கடைக்கு வருவது புதிதா, கதவும் நிலையும் கண்ணாடியும் வந்து தெருவில் நிற்கிறது, சக்கரம் வரக் கூடாதா என்று நினைத்தேன். விலை கொஞ்சம் குறைவாகத்தான் சொன்னான், சிநேகிதத்துக்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மாட்டினதும் வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. நவம்பர் முழுக்க நல்ல சவாரி, திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயிலுக்கு மட்டும் ஏழு தடவை போய் வந்தேன். ஒருநாள் பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது உள்பக்கத்து இரும்பில் உளியால் வெட்டின எழுத்து தெரிந்தது. மெ.சி.தே. என்று இருந்தது. செட்டியார் வீடுகளில் அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் குடும்ப விலாசம் என்று முதலெழுத்துக்களை வெட்டி வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் கார்ச் சக்கரத்தில் வெட்டி நான் பார்த்ததில்லை. யாரோ ரொம்பக் கவனமான மனுஷன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பூமி சொன்னது உண்மைதான், பெரிய வீட்டுச் சாமான்தான் என்று அந்த எழுத்தைப் பார்த்து எனக்கு நிம்மதிகூட உண்டாயிற்று மேரி. சந்தேகம் வர வேண்டிய இடத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்கிறது, இது என்ன புத்தி என்று இப்போதும் விளங்கவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில் மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கிய ஒரு ஆச்சி நம் வண்டியில் ஏறினார்கள். பெயர் தேனம்மை ஆச்சி, அறுபது வயதிருக்கும், கானாடுகாத்தானைத் தாண்டி ஒரு ஊரில் பெரிய வீடு, ஆனால் இருப்பது மெட்ராஸில் மகனோடு. செட்டியார் இறந்து ஒரு வருஷம் ஆகிறதாம், வருகிற சனிக்கிழமை திதி, பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், வீட்டைத் திறந்து சுத்தம் செய்ய நான் முன்னால் வந்தேன் என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் ஆசையாக வாங்கின கார் வீட்டில் நிற்கிறது, திதி முடிந்ததும் அந்தக் காரிலேயே காளையார்கோவில் போய் விளக்கேற்ற வேண்டும், நீ வந்து ஓட்டுகிறாயா என்று கேட்டார்கள், சரி என்றேன். வீட்டு வாசலில் காவல்காரன் மலையாண்டியும் அவன் பெண்டாட்டி பொன்னுத்தாயியும் நின்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சாவி மலையாண்டியிடம்தான் இருக்கிறதாம். ஆச்சி பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே கார் ஷெட்டைத் திறக்கச் சொன்னார்கள். கார் மேல் தரை வரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. மலையாண்டி ஒரு பக்கம் பிடித்து இழுத்தான். முன்னால் இரண்டு சக்கரமும் இல்லை, வண்டி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது, பானெட்டைத் தூக்கினால் உள்ளே டைனமோ இருக்க வேண்டிய இடம் ஓட்டையாகக் கிடந்தது. மலையாண்டி தார்ப்பாயைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆச்சி சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள், “எங்க செட்டியாரு வீட்டுல தட்டுமுட்டுச் சாமான் ஒண்ணு விடாம விலாசம் வெட்டுவாக. சக்கரத்துலகூட வெட்டி வச்சிருக்கீகளே, அது தானா உருண்டு எங்குட்டுப் போயிரப் போகுதுன்னு நானே கேலி பண்ணிருக்கேன்.” பத்தடி தூரத்தில் நம் வண்டி நிற்கிறது, அதன் முன் சக்கரம் இரண்டும் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நான் பெட்டியை இறக்கி வைத்தேன், வாடகையை வாங்கிக்கொண்டேன், வந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டாண்டில் பேச்சு வந்தது, திங்கட்கிழமை சாயங்காலமே மலையாண்டியை விசாரணைக்கு என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “வாங்குனப்ப தெரியாம வாங்கினீக, அதுல குத்தமில்ல. இப்பத் தெரிஞ்சு ஓட்டுறீக, இதுக்கு என்ன பேரு” என்று கேட்டாள். வண்டி நின்றால் வீடு எப்படி நடக்கும் என்றேன், பூமியைக் காட்டிக் கொடுப்பதா என்றேன், திருட்டுச் சாமான் வைத்திருந்தவன் என்று என்னையும் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்றேன். பங்குச் சாமியாரிடம் கேட்கலாம் என்று கோயிலுக்குப் போனேன், அவர் தேவகோட்டைக்குப் போயிருந்தார், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். புதன்கிழமை காலையில் பொன்னுத்தாயி விசாரித்துக்கொண்டு ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். “ஐயா, அன்னைக்கு நீங்க அங்கனதானே நின்னீக. தார்ப்பாயை இழுத்தப்ப எங்க வீட்டுக்காரர் மூஞ்சி போன போக்கைப் பாத்தீகள்ல. களவாண்டவன் மூஞ்சியா அது. அதை மட்டும் வந்து ஏட்டையாகிட்டச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். நான் அவளிடம் பேசிக்கொண்டே நம் வண்டியின் முன் சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, தெரிந்தாலும் உள்பக்கத்து எழுத்து வெளியே தெரியாது, ஆனாலும் மறைத்துக்கொண்டு நின்றேன் மேரி. உனக்கு இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், பேனா விடவில்லை.

அங்கேயிருந்து நேராகப் பூமிநாதன் பட்டறைக்குத்தான் போனேன். ஒளிக்கவில்லை, உடனே ஒத்துக்கொண்டான். அந்தக் கார் நின்று போகாமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்படி ஆச்சி வீட்டிலிருந்து இவனுக்குத்தான் சொல்லி வைத்திருந்தார்களாம், அப்படிப் போனபோது எடுத்திருக்கிறான். “அண்ணே, அது ஓடாத வண்டி. அதுல கெடந்து துருப்பிடிக்கிற சாமானு உங்க வண்டியில ஓடட்டுமேன்னு நினைச்சேன். தீபாவளிக்கு நீங்க ஸ்டாண்டுல கையக் கட்டிக்கிட்டு நின்னது எனக்குப் பொறுக்கல. புதுச் சாமானுக்கு மதுரையில சொல்லி வச்சிருக்கேன், வந்ததும் ஆச்சி வண்டியில மாட்டிரலாம்னு இருந்தேன். அவக திடீர்னு வந்து நிப்பாகன்னு கனவா கண்டேன்” என்றான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினான், டைனமோவுக்கு முன்பணம் கட்டின ரசீதுதான், தேதியும் சரியாக இருந்தது. சக்கரத்துக்கு ரசீது எங்கே என்றேன், அதற்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றான். நீயே சொல், இவனைத் திருடன் என்பதா, எனக்காகத் திருடினவன் என்பதா, திருடவே இல்லை கடன் வாங்கினான் என்பதா. என்னிடம் பணம் வாங்கினானே, அது எதில் சேரும். மலையாண்டி ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான், வா, நாம் இரண்டு பேரும் போய்ச் சொல்லிவிடுவோம் என்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “நீங்க போனா ஆச்சி மன்னிச்சிருவாக. நான் போனா இந்த ஊர்ல எவன் என்னய நம்பி வண்டியை விடுவான், சொல்லுங்க” என்றான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் நம் பழைய சக்கரங்களையும் பழைய டைனமோ, கார்புரேட்டரையும் டிக்கியில் போட்டுக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அம்மா சிலுவை போட்டு அனுப்பினாள். ஆச்சியை வெளியே கூப்பிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினேன். ஆச்சி குனிந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். யாரிடம் வாங்கினாய் என்று கேட்கவில்லை, முதலில் மலையாண்டியைக் கூட்டி வருவோம், கிளம்பு என்றார்கள். அதே சக்கரத்தை மறுபடி மாட்டி அதே வண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போனோம். மலையாண்டி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான், யாரும் அவன் மேல் கை வைக்கவில்லை, ஆனால் இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் விற்றது என்று கேட்டார். மலையாண்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பட்டறை வைத்திருக்கிற பூமிநாதன் என்று சொல்லிவிட்டேன். உடனே மலையாண்டி, “அது எனக்குத் தெரியும்” என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஐப்பசிச் சனிக்கிழமை ஒன்றில் பூமிநாதன் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறான், மலையாண்டி ஷெட் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியோடு திருக்கோஷ்டியூர் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தான் வந்திருக்கிறான். பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆச்சி வந்த அன்றே அவனுக்கு விளங்கிவிட்டது, பொன்னுத்தாயியையும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அட மனுஷா, இதைச் சொல்லியிருந்தால் முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். அதற்கு மலையாண்டி, “களவாண்டேன்னு சொல்றது பொய்யி, அது என்னைக்காச்சும் தெரிஞ்சுரும். காவலைப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போனது நெசம்ல. அதை எப்படி ஆச்சி மூஞ்சியப் பாத்துச் சொல்றது” என்றான்.

நான் இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் ஒரு பக்கம் சேரவில்லை மேரி. செய்யாத திருட்டுக்காக இரண்டு நாள் தரையில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு நாள் கோயிலுக்குப் போனதைச் சொல்ல வெட்கப்பட்டு. நான் அதே இரண்டு நாளும் எங்கே இருந்தேன் என்றால் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்துக்கொண்டு இருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் ஆச்சியிடம், எழுதிக் கொடுத்தால் கேசு போடுகிறேன், பூமிநாதனைக் கூட்டி வரச் சொல்கிறேன் என்றார். ஆச்சி கொஞ்சம் யோசித்து, “கேசுன்னு போனா சாமானெல்லாம் கோர்ட்டுல போயி உக்காந்துக்கிரும். எனக்குச் சனிக்கிழமை வண்டி ஓடணும். எடுத்த கையே வந்து மாட்டட்டும், அது போதும்” என்றார்கள். அவர் விவரமான மனுஷர், வாய்மொழிப் புகார்தானே, ஆச்சி சொன்னால் சரி என்று மலையாண்டியை அனுப்பிவிட்டார், எனக்கு மட்டும் இனிமேல் சாமான் வாங்கினால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு வாங்கு என்று நன்றாகக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் பட்டறைக்குப் போய், ஆச்சி இப்படிச் சொல்கிறார்கள், வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு முன்னதாக ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். பதினோரு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினான், தோளில் டூல் பெட்டி. நான் நம் வண்டியிலிருந்து கழற்றிக் கழற்றிக் கொடுக்க அவன் அந்த வண்டியில் மாட்டினான். பதிமூன்று நம்பர் ஸ்பேனரைக் கொடு, விளக்கைப் பிடி, இங்குட்டு நகரு, இவ்வளவுதான் பேச்சு. மலையாண்டி ஷெட் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், நாங்கள் இருவரும் வேண்டாம் என்றுவிட்டோம். நாலு மணிக்கு செல்ஃபை அழுத்தினான், இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான். மலையாண்டிதான் எழுந்து போய்ச் செம்பில் கொண்டு வந்து கொடுத்தான். பூமி அதைக் குடிக்கவில்லை, வாங்கி முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே நின்றான், செம்பு காலியான பிறகும் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றான். நான் நம் பழைய சக்கரத்தை மாட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை திதி முடிந்து ஆச்சியை அந்தக் காரில் காளையார்கோவில் கூட்டிப் போனேன். மகன் தன் காரில் வரச் சொல்லிக் கூப்பிட்டும் ஏறவில்லை, அவர்கள் பின்னால் வந்தார்கள். ஆச்சி பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லல் வருவதற்கு முன்னால், “ஏன்ப்பா, அன்னைக்குத் திங்கக்கிழமை எங்க வீட்டு முத்தத்துலதானே நின்ன. வியாழக்கிழமை வரைக்கும் ஏன் ஆச்சு” என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்கள். பயந்துவிட்டேன் ஆச்சி என்றேன், அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. பிறகு, “நீயாச்சும் பயந்த. நான் பயப்படக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷம் சாவியைக் குடுத்து வச்சிருந்தவனை ஒரு ராப்பொழுது பொறுத்துக் கேக்காம அனுப்பி வச்சேன். உனக்கு மூணு நாளு ஆச்சு, எனக்கு ஒரு நாளு ஆகல” என்றார்கள். கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் இறங்கி அவர்கள் விளக்கேற்றப் போனார்கள், நான் வெளியே வண்டியிலேயே இருந்தேன். அந்தக் கார் அத்தனை நன்றாக ஓடியது, அதை ஓட்டிக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. ஆச்சி மெட்ராஸ் போகும்போது சாவியை மலையாண்டி கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆனால் ஊரில் அவனுக்கு ஸ்டேஷனுக்குப் போய் வந்தவன் என்று பெயர் வந்துவிட்டது. பொன்னுத்தாயி தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்கிறார்களாம். இதைக் கேட்டுவிட்டு நான் போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, சாமான் இருந்தது என் வண்டியில், மலையாண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். கூட்டம் என்னைத்தான் திருடன் என்று எடுத்துக்கொண்டது. ஒருவன், அடுத்த தடவை எடுத்தால் எனக்கும் ஒரு டயர் கொடு என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். மலையாண்டியே வந்து, “விடுங்கய்யா, நீங்க பேசப் பேச நம்ம ரெண்டு பேருமே கூட்டுன்னு ஆக்கிப்புடுவாங்க” என்று என்னைப் பஸ் ஏற்றிவிட்டான். அவனுக்கு நல்லது செய்யப் போய் அவன்தான் எனக்குப் பஸ் வரைக்கும் துணைக்கு வந்தான்.

இங்கே பூமிநாதன் கதை இன்னொன்று. நம் வண்டி இப்போது பழைய சக்கரத்தில் பகல் சவாரி மட்டும் போகிறது, தினமும் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குப் போடுகிறேன். போன வியாழக்கிழமை நான் ஸ்டாண்டில் இருந்தபோது அவன் வீட்டுக்கு வந்து நம் பழைய டைனமோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், கம்பி சுற்றிச் சரி பண்ணித் தருகிறேன் என்று. சாமானுக்கு நான் கொடுத்த பணத்தையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். உள்ளே வந்து உட்கார் என்றாளாம், வரவில்லை, வாசலிலேயே நின்றானாம். நீ ஏன் டைனமோவைக் கொடுத்தாய் என்று நான் சத்தம் போட்டேன். வேறு யாரிடம் கொடுக்க, வேறு யாருக்கு நம் வண்டியைத் தெரியும் என்று அம்மா கேட்டாள். அவன் பெயரைச் சொன்னது நான், அதனால் அவன் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சம். எடுத்தது அவன், அதனால் என் முகத்தில் விழிக்க அவனுக்குக் கூச்சம். சமயத்தில் அவன் மேல் ஆத்திரம் வருகிறது, அடுத்த நிமிஷமே தீபாவளிக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தானே என்று தோன்றுகிறது. நாளைக்கு அவன் பட்டறைக்குப் போவதா, அவன் கொண்டு வரட்டும் என்று இருப்பதா, இன்னும் முடிவு செய்யவில்லை. இன்று பூசையில் எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்று சொல்லும்போது யாருடைய குற்றத்தை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நீ இதைப் படித்துவிட்டுப் பணம் கிணம் அனுப்பாதே, வண்டி மெதுவாக ஓடினாலும் வீடு நடக்கிறது. சாப்பாட்டை விடாதே, டூட்டி முடிந்து இரண்டு பேராகச் சேர்ந்து வா, கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காவிட்டாலும் பூசையை விடாதே. அம்மா உனக்கு முறுக்கும் அதிரசமும் பார்சல் கட்டுகிறாள், சின்னராஜ் தபாலாபீசுக்குக் கொண்டு போவான். மாதாவும் சூசையப்பரும் உன்னைக் காப்பாற்றி, உன் கைபட்ட நோயாளிகளுக்கெல்லாம் சுகத்தைக் கொடுக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. தை பிறக்கும்போது பூமி மாமா வீட்டுக்கு நீ வருஷா வருஷம் அனுப்புகிற பொங்கல் வாழ்த்து அட்டையை இந்த வருஷமும் அனுப்பு, அவன் அதை எதிர்பார்க்க மாட்டான், அதனாலேயே அனுப்பு. இன்னொரு அட்டை புதிதாக மலையாண்டி, பொன்னுத்தாயி இரண்டு பேர் பெயருக்கும் அனுப்பு, விலாசம் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல படம் போட்டதாகப் பார், மரியாதைக்குரிய என்று ஆரம்பித்துப் பெரிய எழுத்தாக எழுது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரர்தான் டீக்கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ச. தைரியநாதன்